ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் எது கால்நடை, எது காட்டு மிருகம், எது பேய்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடுகிறவர்கள் மொத்தப் பேரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் அவர்கள் தடுமாறுவது சண்டையிலோ கோட்டை கட்டுவதிலோ இல்லை, ஆடு மாட்டில்தான். அம்மாபேட்டையில் ஒருவர் கேட்டதையே அடுத்த வாரம் ஆத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார், நானும் போனில் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்கு: இது ஒரு கணினி விளையாட்டு, நிலத்தடியில் கோட்டை கட்டி வாழும் குள்ளர் கூட்டத்தை நடத்துவதுதான் வேலை. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது. 2006-இல் முதலில் வந்தது, படங்களோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது 2022 டிசம்பரில். எழுத்துக் குறிகளோடு ஆடும் இலவசப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. கோப்புகளில் உள்ள குறிச்சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும், இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, இதுல மிருகங்களை எத்தனை வகையா பிரிச்சிருக்காங்க?

வகை என்று ஒன்று இல்லவே இல்லை, அதுதான் எல்லோரையும் குழப்புகிறது. மாடு என்றால் 'கால்நடை' என்ற பெட்டியில், புலி என்றால் 'காட்டு மிருகம்' என்ற பெட்டியில் போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பதிவு இருக்கிறது, அந்தப் பதிவில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன: மேயும், பால் தரும், முட்டையிடும், பொதி சுமக்கும், பேசும், பழக்கலாம் என்று. அந்தக் குறிகளின் கூட்டுத்தொகைதான் அந்த மிருகம்.

இதோடு இன்னொன்றும் உண்டு. அந்த மிருகம் இந்த நிமிடம் யாருடையது, என்ன நிலையில் இருக்கிறது என்பது தனிக்கணக்கு. கோப்பில் இருப்பது பிறப்புச் சான்றிதழ், திரையில் தெரிவது தற்போதைய முகவரி. பாதிச் சந்தேகங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால் வருகின்றன, கீழே பல பதில்களில் இதற்கே திரும்ப வருவேன்.

திரையில நாலு பட்டியல் வருதே, எதுல எதைத் தேடுறது?

முதலாவதில் உங்கள் குடிமக்கள். இரண்டாவதில் வளர்ப்புப் பிராணிகளும் கால்நடைகளும். மூன்றாவது 'மற்றவர்கள்': காட்டு மிருகம், வியாபாரி, விருந்தாளி, படையெடுத்து வந்தவன் எல்லோரும் இதில்தான் ஒன்றாகக் கிடப்பார்கள். நான்காவதில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும். மூன்றாவதைத் தினமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கெட்ட செய்தி முதலில் அங்கேதான் தெரியும்.

வியாபாரிங்க கூட்டிட்டு வந்த கோவேறு கழுதை ஏன் என் கால்நடைப் பட்டியல்ல வரல?

அது உங்களுடையது இல்லையே! பிறவிக் குணத்தில் அது வீட்டு மிருகம்தான், ஆனால் உடைமை வியாபாரியுடையது, அதனால் மூன்றாவது பட்டியல். முதல் பதிலில் சொன்ன இரண்டு கணக்கு இதுதான்.

கூண்டுல மாட்டின கரடி என் கால்நடைப் பட்டியல்ல வந்துருச்சு. அப்ப அது பழகிருச்சுன்னு அர்த்தமா?

இல்லை, தயவுசெய்து கூண்டைத் திறக்காதீர்கள். பழக்கக்கூடிய மிருகம் பொறியில் சிக்கினால், பயிற்சியாளரை நியமிக்க வசதியாக அந்தப் பட்டியலில் காட்டுகிறது, அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்தில் காட்டு நிலை என்று இருந்தால் அது இன்னும் காட்டு மிருகமே. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் இருப்பதை யாரும் வீட்டு மிருகம் என்று சொல்வதில்லை, அதே கதை.

பழக்க வேண்டுமென்றால் விலங்குப் பயிற்சிக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, ஆள் போட்டு, தீனியும் வைத்திருக்க வேண்டும். இறைச்சி தின்னும் மிருகத்துக்கு இறைச்சி, இலைதழை தின்னும் மிருகத்துக்குச் செடி. தீனி இல்லாவிட்டால் பயிற்சியாளர் சும்மா நிற்பார், நீங்கள் ஏன் வேலை நடக்கவில்லை என்று என்னைக் கேட்பீர்கள்.

பழக்கின மிருகம் திரும்பக் காட்டு மிருகமா மாறிருச்சு, இது பிழையா?

பிழை இல்லை, விதியே அப்படித்தான். நாய், மாடு, கோழி போன்றவை ஏற்கெனவே முழுதாக வீட்டுக்கு வந்துவிட்ட இனங்கள், அவை எப்போதும் மாறாது. காட்டிலிருந்து பிடித்த கரடிக்கோ புலிக்கோ பயிற்சி நிலை என்று ஒன்று உண்டு. அரைகுறையாகப் பழகியது முதல் மிகத் தேர்ந்த பழக்கம் வரை படிப்படியாக ஏறும், கவனிக்காமல் விட்டால் இறங்கிக்கொண்டே வரும். கடைசிப் படியும் இறங்கினால் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்து நடுவில் நிற்கும்போதே அதற்குக் காடு ஞாபகம் வந்துவிடும். பயிற்சியாளரை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

இன்னொரு சங்கதி, இது பலருக்குத் தெரியாது: இந்த இனத்தைப் பற்றி உங்கள் நாட்டுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் விளையாட்டு தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. முதல் கரடியைப் பழக்கும்போது ஒன்றும் தெரியாமல் தடவுவார்கள். பிறகு வரும் கரடிகளிடம் அந்த அனுபவம் கைகொடுக்கும். கோட்டையிலேயே பிறக்கும் குட்டிகளைச் சின்ன வயதிலேயே பழக்குவதுதான் நான் சொல்லும் வழி, தாயோடு மல்லுக்கட்டுவதைவிட அது நல்லது.

அந்தக் குறிகளை எங்கே பார்க்கறது? கோப்பைத் தொட்டா விளையாட்டு கெட்டுப் போயிருமா?

படிப்பதால் ஒன்றும் ஆகாது. ஸ்டீம் பதிப்பில் விளையாட்டின் அடைவுக்குள் டேட்டா, அதற்குள் வெனிலா, அதற்குள் வெனிலா கிரியேச்சர்ஸ், அதற்குள் ஆப்ஜெக்ட்ஸ் என்று போனால் உரைக் கோப்புகள் வரிசையாக இருக்கும். வீட்டு மிருகங்களுக்கு ஒன்று, பாதாள உயிர்களுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நோட்பேடில் திறந்து படிக்கலாம். நகல் எடுத்துவிட்டுத்தான் கைவையுங்கள், மூலத்தில் மாற்றாதீர்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. 'காமன் டொமெஸ்டிக்' என்றால் நாகரிகங்கள் வழக்கமாக வளர்ப்பது, புறப்படும்போதே வாங்கிக்கொண்டு போகலாம். 'பெட்' என்றால் பழக்கலாம். 'பெட் எக்ஸாட்டிக்' என்றாலும் பழக்கலாம், ஆனால் அபூர்வமானது. முன்பெல்லாம் இந்தக் கடைசி வகையைப் பழக்க டஞ்சன் மாஸ்டர் என்று ஒரு பிரபு வந்து சேர வேண்டும், அவருக்காகக் காத்திருந்து தாடி நரைத்தவர்கள் உண்டு. 2012-இல் பயிற்சி முறையை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போய்விட்டது. இந்த மூன்றும் இல்லாத மிருகத்தைக் கூண்டில் வைத்து வேடிக்கை பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

சில நாய்க்கு முன்னாடி 'தெரு நாய்'ங்கற மாதிரி போட்டிருக்கே, நான் காசு குடுத்து வாங்கின நாய் அது!

அந்த அடைமொழிக்கு 'தனிப்பட்ட எஜமான் இல்லை' என்று மட்டும்தான் பொருள். நாய் கோட்டைக்குச் சொந்தம், எந்தக் குள்ளருக்கும் சொந்தமில்லை. யாராவது ஒருவர் அதைச் செல்லமாக எடுத்துக்கொண்டால் அடைமொழி போய்விடும். அதோடு அதைக் கசாப்புக்கு அனுப்பும் உரிமையும் உங்களிடமிருந்து போய்விடும்.

வேட்டைக்கோ போருக்கோ பழக்க நினைக்கும் நாய்களை முன்கூட்டியே ஒதுக்கிப் பழக்கிவிடுங்கள். 'டிரெய்னபிள்' என்ற குறி உள்ளவற்றைத்தான் அப்படிப் பழக்க முடியும். நாய்க்கு உண்டு, யானைக்கும் உண்டு. பூனைக்குக் கிடையாது, பூனையிடம் யார் போய்ச் சொல்வது.

பூனை பெருகிப் பெருகி கோட்டையே பூனையாயிருச்சு. ஏன் வெட்ட முடியல?

பூனையின் பதிவில் 'எஜமானைத் தானே தேர்ந்தெடுக்கும்' என்ற குறி இருக்கிறது. மற்ற மிருகத்தைக் குள்ளர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இங்கே பூனை குள்ளரைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த மறுகணம் அது செல்லப் பிராணி, மேலே சொன்ன விதி வந்துவிடும். எனவே குட்டி போட்டதும், யாரையும் பிடித்துக்கொள்ளும் முன்பே, விற்பதா வெட்டுவதா என்று முடிவு செய்யுங்கள். கடுவன்களைக் காயடிக்கக் குறிப்பதும் நல்ல வழி.

மொத்தமாக ஒழித்துவிடவும் வேண்டாம். எலி, பூச்சி பிடிக்கும் குறி பூனையிடம் இருக்கிறது, அது இல்லையென்றால் தானியக் கிடங்கு பாழ். மதுக்கூடங்கள் 2015 டிசம்பரில் சேர்ந்தபோது நடந்த கூத்து ஒன்று: பூனைகள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. டார்ன் ஆடம்ஸ் துருவிப் பார்த்தால், தரையில் சிந்திய சாராயத்தில் நடந்த பூனைகள் காலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது, ஒவ்வொரு நக்கலும் ஒரு முழுக் கோப்பை குடித்ததாகக் கணக்காகியிருக்கிறது. பூனை உடம்புக்கு அவ்வளவு தாங்குமா? போதையில் போய்ச் சேர்ந்துவிட்டன. 'பூனை' என்ற பெட்டி ஒன்று இருந்து அதில் எல்லாம் முடிந்திருந்தால் இப்படி ஒரு பிழை வந்திருக்கவே முடியாது. நக்கும் குணம், போதையின் அளவு, உடல் எடை என்று தனித்தனியாக எழுதியவை ஒன்றோடொன்று மோதியதால் வந்தது.

மயிலை எதுக்கு வீட்டுப் பறவைல சேர்த்திருக்காங்க?

நம்மூரில் வயக்காட்டுக்கு வந்து நெல்லைத் தின்றுவிட்டுப் போகும், பிடித்தால் வனத்துறை நம்மைப் பிடிக்கும். விளையாட்டில் நீல மயில் கோழி, வாத்து, வான்கோழியோடு சேர்ந்த முட்டைப் பறவை. புறப்படும்போது ஜோடியாக வாங்கலாம். பெட்டைக்கு முட்டைப் பெட்டி வையுங்கள், முட்டையிடும். குஞ்சு வேண்டுமென்றால் ஆண் மயிலும் அங்கே இருக்க வேண்டும், முட்டையைச் சமையலறைக்கு எடுத்துப் போகாமல் தடை போட வேண்டும். தடை போட மறந்தால் அடுத்த வேளை ஆம்லெட்.

எங்க வீட்ல மேச்சேரி ஆடுதான். அதுல ஏது கம்பளி? விளையாட்டுல செம்மறின்னா கம்பளி வெட்டுதே?

சரியான கேள்வி, மேச்சேரிக்காரர்தான் கேட்க முடியும். மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் குட்டை முடிதான், கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பது. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விளையாட்டின் செம்மறியோ குளிர்நாட்டு ஆட்டை மனதில் வைத்து எழுதியது: கம்பளி வெட்டலாம், பால் கறக்கலாம், கறிக்கும் ஆகும். ஒரு இனத்துக்கு ஒரே பதிவு என்பதால் மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை என்ற ரகப் பிரிவெல்லாம் அங்கே கிடையாது. வெள்ளாட்டுக்கும் அப்படியே, சேலம் கறுப்பு என்று தேடாதீர்கள். வெள்ளாட்டில் பால் உண்டு, கம்பளி கிடையாது. கம்பளிக்குச் செம்மறி, லாமா, அல்பாக்கா.

வேண்டுமென்றால் செம்மறிப் பதிவை நகலெடுத்து, கம்பளி வெட்டும் வரிகளை நீக்கி, புதுப் பெயர் வைத்தால் மேச்சேரி ஆடு தயார். எப்படி என்று கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

காலைல ஒருதரம் சாயந்தரம் ஒருதரம் கறக்கலாமா? மாடு கன்னு போட்டிருக்கணுமா?

இரண்டுக்கும் இல்லை. பால் தரும் குறியோடு ஓர் எண் இருக்கும், பசுவுக்கு 20,000. ஒரு தடவை கறந்த பிறகு அத்தனை துடிப்பு, அதாவது விளையாட்டின் சின்ன நேர அளவு, போக வேண்டும். விளையாட்டில் ஒரு நாளைக்கு 1,200 துடிப்பு, அப்படியானால் ஏறக்குறைய 17 நாளுக்கு ஒரு தடவை. நம்மூர்ப் பால் சொசைட்டியில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். கன்று போட்டிருக்க வேண்டியதில்லை, வளர்ந்த பெட்டையாக இருந்தால் போதும். காலி வாளி ஒன்றும் உழவர் பட்டறையும் தேவை. எருமை, ஆடு, கழுதை, ஒட்டகம் எல்லாமே கறக்கும், பன்றியும் கறக்கும். முகம் சுளிக்க வேண்டாம், குறி இருந்தால் கறக்கலாம், குறியில் கூச்சநாச்சம் கிடையாது.

மாடு பட்டினில செத்துப் போச்சு, ஆனா பன்னி ஒண்ணுமே திங்காம கொழுகொழுன்னு இருக்கு, எப்படி?

'கிரேஸர்' என்ற குறி உள்ளவை மட்டும்தான் தின்ன வேண்டும். மாடு, எருமை, ஆடு, குதிரை இதில் அடக்கம். நாய், பூனை, பன்றி, கோழி எதற்கும் தீனியே வேண்டாம், பூட்டிய அறையில் போட்டாலும் வாழும். நியாயமா என்றால் இல்லை. ஆனால் இடம் குறைவான கோட்டையில் பன்றியும் கோழியும் வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மேயும் மிருகத்துக்குப் பட்டி போடும்போது இடத்தைத் தாராளமாக விடுங்கள். எவ்வளவு தின்னும் என்பது உடல் அளவைப் பொறுத்தது. அளவு கன சென்டிமீட்டரில் இருக்கும்: பூனை 5,000, குள்ளர் 60,000, பசு 6 லட்சம், யானை 50 லட்சம். 2011-இல் மேய்ச்சல் விதி புதிதாக வந்தபோது யானை எவ்வளவு மேய்ந்தாலும் பசி தீராமல் நின்ற இடத்திலேயே செத்தது. பிறகு கணக்கைத் திருத்தினார்கள். வெளியே எதிரி தொல்லை இருந்தால் பாதாளக் குகையைத் திறந்துவிடுங்கள், அதன் பிறகு நிலத்தடி மண் தரையிலும் பாசியும் பூஞ்சையும் படரும், மாடு அதையும் மேயும்.

கிடாவும் பெட்டையும் ஒரே பட்டில விட்டும் செனை பிடிக்கல, ஏன்?

முதலில் கிடாவைக் காயடித்துவிட்டீர்களா, இரண்டும் வளர்ந்தவையா என்று பாருங்கள். அதெல்லாம் சரி என்றால், அந்த ஒரு மிருகத்தின் குணமாக இருக்கலாம். 2014 பதிப்புகளிலிருந்து ஒவ்வொரு உயிருக்கும் நாட்டம் என்று தனியாகக் குறிக்கப்படுகிறது. சிலதுக்கு எதிர்ப்பாலின் மேல் நாட்டமே இருக்காது. ஒரே ஒரு கிடாவை நம்பி மந்தை ஆரம்பிக்காதீர்கள், சந்தையில் வாங்கும் யாரும் அப்படி வாங்குவதில்லை.

எலி, ஈ, புழுவெல்லாம் எந்தப் பட்டியல்லயும் வரலையே?

அவை 'வெர்மின்', அதாவது சில்லறை உயிர்கள். தனி ஆளாகக் கணக்கில் வராது, பெயர் கிடையாது, காயம் கிடையாது. அவற்றுக்குச் சிறு விலங்குப் பொறி தனி, பெரிய கூண்டுப் பொறியில் சிக்காது. தேனீயும் இதில்தான் வருகிறது, ஆனாலும் வேலைக்காரி, ஆண், ராணி என்று அதற்கு மூன்று பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற மிருகத்தில் ஆண், பெண் என்று பிரிப்பதும் இதே ஏற்பாட்டில்தான்.

எனக்குப் பிடித்தது உறுமும் ஒரு புழு. சில்லறை உயிர்தான், பாதாளத்தில் கிடைக்கும், ஆனால் அதற்கும் பால் தரும் குறியான 'மில்கபிள்' போட்டிருக்கிறார்கள். புழுவைக் கறந்து குள்ளர் பால், அதிலிருந்து குள்ளர் பாலாடைக்கட்டி. வகைப்பாட்டில் நம்பிக்கை வைப்பவர்கள் இதைப் பார்த்த பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

டிராகனைக் கால்நடையா வளர்க்கலாமா ப்ரோ, சீரியஸா கேக்கறேன்.

சீரியஸாகவே வளர்க்கலாம். டிராகன் 'மெகாபீஸ்ட்', அதாவது பெரும் மிருகம், ஹைட்ரா, ராக் பறவை, வெண்கலப் பூதம் ஆகியவற்றோடு சேர்ந்தது. ஆனால் அதே பதிவில் பெட் எக்ஸாட்டிக் குறியும் இருக்கிறது. பெரும் மிருகம் என்பதும் பழக்கலாம் என்பதும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. கூண்டுப் பொறியில் அது சிக்கவும் செய்யும். பிடிப்பதற்குள் எத்தனை பேரை எரிக்கும் என்பதுதான் விஷயம்.

முழு வளர்ச்சிக்கு 1,000 வருஷம், அப்போது உடல் அளவு இரண்டரைக் கோடி, அதாவது ஐந்து யானை. உங்கள் கோட்டையில் பிறந்த டிராகன் குட்டி உங்கள் ஆயுளில் பெரிதாகாது. வெண்கலப் பூதத்துக்குப் பழக்கும் குறி கிடையாது, ஆசைப்படாதீர்கள், கொன்றால் ஒரு வெண்கலச் சிலை மிஞ்சும்.

பாதாளத்துலருந்து வந்த அந்தப் பெரிய ஜந்துவைக் கோப்புல தேடினேன், இல்லவே இல்ல. ஏமாத்தறாங்களா?

'மறக்கப்பட்ட மிருகம்' என்று வருபவை எந்தக் கோப்பிலும் இருக்காது. ஒவ்வொரு உலகத்தையும் உருவாக்கும்போது கால் எத்தனை, கல்லா தசையா, விஷ மூச்சா என்று விளையாட்டே கலந்து செய்கிறது. அந்த மாதிரி இன்னொன்று எங்கும் கிடையாது, என்னுடையதைப் பற்றி உங்களுக்குச் சொல்லியும் பிரயோஜனமில்லை. தரைமேல் வரும் டைட்டன்களும் இப்படியே. இரண்டுமே கூண்டுப் பொறிக்குச் சிக்காது. வந்தவுடன் விவரணையைத் திறந்து எதனால் ஆனது என்ற வரியைப் படியுங்கள், பிறகு ஓடுவதா சண்டையா என்று பார்க்கலாம்.

ரத்தக் காட்டேரி, செத்து எழுந்த மாடு, இதெல்லாம் எந்த இனம்?

இனம் மாறுவதில்லை, நிலை மாறுகிறது. காட்டேரி ஒரு குள்ளர்தான், மேலே சாபம் ஏறியிருக்கிறது, அதனால் உங்கள் குடிமக்கள் பட்டியலில் சாதுவாக உட்கார்ந்திருப்பார். சாப்பிடமாட்டார், குடிக்கமாட்டார், தூங்கமாட்டார். தூங்குகிற ஆள் ரத்தம் வற்றிக் கிடந்தால் அப்படி ஒருவரைத் தேடுங்கள்.

செத்து எழுந்த மாட்டின் பதிவு பழைய மாட்டுப் பதிவேதான், ஆனால் உயிரோடு இருப்பதை எல்லாம் வெறுக்கும் நிலை சேர்ந்துவிட்டது. பட்டியலிலும் மூன்றாவதுக்குப் போய்விடும், நேற்று வரை கறந்த மாடாக இருந்தாலும் சரி. தீய நிலத்தில், அதாவது செத்தவை எழுந்து நடமாடும் பகுதியில், கசாப்பு வைத்தவர்களைக் கேளுங்கள்: பழைய பதிப்புகளில் உரித்துப் போட்ட தோலும் முடியும்கூட எழுந்து வந்து அடித்திருக்கின்றன. அங்கே கால்நடை வளர்ப்பது என் சிபாரிசு இல்லை.

சிட்டுக்குருவி மனுஷன்னு ஒருத்தன் வந்தான், அவனைப் பட்டில கட்டலாமா?

கட்ட முடியாது, வெட்டவும் முடியாது. பல மிருகங்களுக்கு விளையாட்டு இரண்டு நகல் செய்கிறது: ராட்சத வடிவம் ஒன்று, மனித வடிவம் ஒன்று. தனித்தனியாக எழுதாமல் மூலப் பதிவின் மேல் ஒரு மாற்றத்தை ஏற்றுகிறார்கள். ராட்சத வடிவம் மிருகமாகவே இருக்கும், கொடுங்காட்டு நிலங்களில் திரியும். மனித வடிவத்துக்குக் கற்கும் குறியும் பேசும் குறியும் சேர்ந்துவிடும். அவை இருந்தால் குள்ளர் நீதிப்படி கசாப்பு கிடையாது. சில சமயம் விருந்தாளியாக வந்து, குடியுரிமை கேட்டு மனுவும் கொடுப்பார்கள். ஏற்றுக்கொண்டால் முதல் பட்டியலுக்கு வந்துவிடுவார்.

வண்டி ஒரு உயிரினமாம், நண்பன் சொல்றான். புருடாதானே?

உண்மை. வியாபாரிகளின் பார வண்டிக்கு மிருகக் கோப்பில் மாடு ஆடு மாதிரியே ஒரு பதிவு இருக்கிறது, அதற்கென்றே ஒரு தனிக் குறியும் உண்டு. நகரும் பெரிய பொருளைச் செய்ய அவர்களிடம் கையில் இருந்த கருவி மிருகப் பதிவு, அதையே எடுத்துக்கொண்டார்கள். முதல் கேள்விக்குச் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஏற்காட்டுல ரோட்டுக்கே காட்டெருமை வருது. அதை விளையாட்டுல எப்படிச் சேர்க்கறது?

வீட்டு மிருகக் கோப்பில் எருமைப் பதிவை எடுங்கள், அதுதான் உருவத்துக்கு நெருக்கம். முழுவதையும் புது உரைக் கோப்பில் ஒட்டுங்கள். முதல் வரி கோப்பின் பெயராகவே இருக்க வேண்டும், கடைசிப் பின்னொட்டு இல்லாமல். அதற்கு அடுத்து இது மிருகக் கோப்பு என்று சொல்லும் 'ஆப்ஜெக்ட் கிரியேச்சர்' வரி. இந்த இரண்டில் ஓர் எழுத்து பிசகினாலும் விளையாட்டு சத்தமில்லாமல் கோப்பை விட்டுவிடும், நீங்கள் மலை மலையாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு அடையாளப் பெயரை வேறு எதிலும் இல்லாததாக மாற்றுங்கள். காமன் டொமெஸ்டிக் வரியையும் பொதி சுமக்கும் வரியையும் நீக்குங்கள், பெட் என்பதை பெட் எக்ஸாட்டிக் ஆக்குங்கள். 'லார்ஜ் ரோமிங்' என்ற குறி இல்லையென்றால் காட்டில் தானாகத் தோன்றாது, அதையும் வெப்பமண்டலக் காடு என்ற வாழிடத்தையும், எத்தனை சேர்ந்து திரியும் என்ற கூட்ட எண்ணையும் சேருங்கள். உடல் அளவு 10 லட்சம் வைக்கலாம், பெரிய காளை ஏறக்குறைய ஒரு டன் வரும். 'பினைன்' என்ற சாதுக் குறியை விட்டுவைப்பதா எடுப்பதா என்பது உங்கள் இஷ்டம். காப்பித் தோட்டத்துப் பாதையில் நேருக்கு நேர் பார்த்தவர்கள் எடுத்துவிடத்தான் சொல்வார்கள்.

எல்லாம் பண்ணிட்டேன், என் பழைய கோட்டையில வரமாட்டேங்குதே?

பழைய உலகத்தில் வராது. கோப்பை ஒரு தகவல் உரையோடு 'மாட்ஸ்' (விளையாட்டில் நாமே சேர்க்கும் மாற்றங்கள்) அடைவில் தனித் தொகுப்பாக வைத்து, புது உலகம் உருவாக்கும் திரையில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் எதுவும் வரையாவிட்டால் மற்ற மிருகங்கள் படமாகத் திரியும்போது உங்கள் காட்டெருமை மட்டும் ஓர் எழுத்தாக நடந்து வரும். அதையும் பழக்கலாம், கறக்கலாம், குறியை எடுக்காமல் விட்டிருந்தால்.